பெடியன் என்றால் பையன்

மகனைப் பறிகொடுத்த ஒரு தாயின் சாட்சியத்தை நான் தெரிந்தே தவறாக மொழிபெயர்த்தேன். அந்த மொழிபெயர்ப்பை வைத்து ஒரு விசாரணை மூடப்பட்டது. சுட்டவர்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. என்னையும் கேட்கவில்லை. சர்வீஸ் முடித்து, நன்னடத்தைச் சான்றிதழும் பென்ஷனும் வாங்கிக்கொண்டு மரக்காணத்துக்குத் திரும்பினேன். உப்பளம் குத்தகைக்கு எடுத்து நிம்மதியாகவே வாழ்ந்தேன். நிம்மதியாக வாழ்ந்ததையும் சேர்த்துத்தான் ஒப்புக்கொள்கிறேன்.

மொழிபெயர்ப்பு வேலைக்கு வருகிற இளையவர்களுக்கு அனுபவம் எழுதித் தரச் சொல்லி நண்பர் ஒருவர் கேட்டார். ஆரோவில், புதுச்சேரி என்று ஆபீஸ், ஆஸ்பத்திரி, கோர்ட் எல்லா இடத்திலும் இப்போது இன்டர்ப்ரெட்டர் தேவைப்படுகிறது. அவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். அதிகாரிகளின் பெயர்களை எழுத வேண்டிய இடத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இங்கே என் வேலையைப் பற்றி மட்டும்.

1. துபாஷி

பி.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டுப் படையில் கிளார்க்காகச் சேர்ந்தவன் நான். துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுத்தார்கள். ஆனாலும் என் கைக்குப் பழகியது டைப்ரைட்டர்தான். எங்கள் பிரிவு கடல் தாண்டி இலங்கையின் வடக்குக்குப் போனபோது கம்பெனியில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். கம்பெனி கமாண்டர் ஒரு மேஜர். வடக்கத்திக்காரர். இறங்கிய முதல் நாளே கூப்பிட்டார்.

"நீ மெட்ராஸி தானே? டைப்ரைட்டரை மூடி வை. இன்னைலேர்ந்து நீதான் என் காது" என்றார்.

ஜவான்கள் என்னைத் துபாஷி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இந்தியிலும் அதற்கு அதே சொல்தான். புதுச்சேரிப் பக்கம் பிரெஞ்சுக்காரன் காலத்தில் துபாஷி என்றால் பெரிய மனிதன். எனக்குக் கொஞ்சம் தலை கனத்தது உண்மை.

அந்த முதல் நாளே என்னைச் செக்போஸ்ட் காவலில் நிற்க வைத்தார்கள். சைக்கிளில் வந்த ஒரு பெரியவரிடம், "ஐயா, உங்ககூட கொஞ்சம் பேசணும்" என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஏன் தம்பி பேசப் போறீங்கள்? நான் ஒரு பிழையும் செய்யேல்லையே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். "பேசுறது எண்டா எங்கட ஊரில ஏசுறது தம்பி. கதைக்கோணும் எண்டு சொல்லுங்கோ."

"கதைக்கணும்" என்றேன்.

"அட, கதைக்கவோ? ஆறுதலாக் கதைப்பம்" என்று பெரியவர் சைக்கிளை நிமிர்த்திக்கொண்டார். "ஆமி காலமையே பேச வந்திட்டுதாக்கும் எண்டு நினைச்சன்."

துக்கம் விசாரிக்க வந்தவனிடம் பேசுவதுபோல ஏன் ஆறுதல் என்கிறார் என்று விழித்தேன். பிறகு தெரிந்துகொண்டேன். அவர்கள் ஊரில் ஆறுதலா என்றால் மெதுவாக, அவசரமில்லாமல். வடிவா என்றால் நன்றாக, திருத்தமாக. இப்படித் தினமும் ஒரு சொல் கற்றேன். தமிழனுக்குத் தமிழ் கற்றுத் தந்தார்கள். எங்களைப் பார்த்துப் பயந்த ஜனங்கள்கூட நான் தப்பாகச் சொன்னால் நின்று திருத்திவிட்டுத்தான் போனார்கள்.

பெடியன் என்றால் பையன். பன்மையில் பெடியள். ஆனால் அந்தக் காலத்தில் பெடியள் என்று சும்மா சொன்னால் ஆயுதம் எடுத்த இயக்கக்காரர்கள் என்றுதான் அர்த்தம். எங்கள் அதிகாரிகளும் அவர்களை பாய்ஸ் என்றே சொல்வார்கள். 'பெடி' என்று யாராவது ஆரம்பித்தால் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும் என்று மேஜருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். அவர் என் முதுகில் தட்டினார்.

2. ஒழுங்கை

ஒருநாள் காலையில் எங்கள் வண்டி கண்ணிவெடியில் சிக்கியது. இரண்டு ஜவான்கள் இறந்தார்கள். ஒருவன் முந்தின நாள் என்னிடம் கடிதம் எழுதி வாங்கியவன். மனைவிக்குப் பிரசவம் நெருங்கியிருந்தது.

கம்பெனி பக்கத்து ஊருக்குள் போனது. அடுத்து நடந்ததைத் 'தேடுதல்' என்று பிறகு நானே டைப் செய்தேன். அது தேடுதல் இல்லை. வீட்டு வாசலில் நின்றவர்களைச் சுட்டார்கள். கூரைகளைக் கொளுத்தினார்கள். தென்னை மரத்தடியில் உட்கார்ந்து பழைய வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்திருக்கவே இல்லை. நான் மேஜருக்குப் பின்னால் நடந்தேன். என் துப்பாக்கி சுடவில்லை. இதைப் பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு பக்கமும் ஓலை வேலி அடைத்த குறுகிய சந்துக்கு அங்கே ஒழுங்கை என்று பெயர். அந்த ஒழுங்கையின் கடைசி வீட்டிலிருந்து ஒரு பெண் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். ஜீப் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

"சுடாதேங்கோ, என்ர பெடியன் உள்ளுக்கப் படுத்திருக்கிறான்" என்று கத்தினார்.

மேஜர் என்னைப் பார்த்தார். பெடியன் என்றாரா, பெடியள் என்றாரா? கடைசி ஒரு எழுத்து எஞ்சின் சத்தத்தில் நழுவியது. என்ர என்றாரே, அது? இயக்கக்காரர்களை அந்த ஊர்ப் பெண்கள் எங்கட பெடியள் என்று பாசமாகச் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். படுத்திருக்கிறான் என்றாரா, படுத்திருக்கிறாங்கள் என்றாரா? பதுங்கியா, தூங்கியா? உங்க மகனாம்மா என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ஒரு மூச்சு நேரம் போதும். நான் கேட்கவில்லை. எனக்குத்தான் அந்த ஊர்ப் பேச்சு தெரியுமே.

"பாய்ஸ் இன்சைட், சார்" என்றேன்.

சுவர் வழியாகவே சுட்டார்கள். பிறகு கதவை உடைத்தார்கள். பின்னாலேயே நானும் போனேன்.

பாயில் ஒரு சிறுவன். பதின்மூன்று வயது என்று பிறகு தெரிந்தது. நெற்றியில் ஈரத்துணி மடித்துப் போட்டிருந்தது. தலைமாட்டில் கொத்தமல்லி அவித்த தண்ணீர் ஒரு டம்ளரில் இருந்தது. அது கவிழவில்லை. அவன் முகத்தைப் பார்த்ததைவிட அந்த டம்ளரைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன்.

3. விசாரணை

ஊர்ப் பெரியவர்களும் ஒரு பாதிரியாரும் மேலிடத்துக்குப் புகார் கொடுத்தார்கள். அதனால் ஒரு கோர்ட் ஆஃப் என்கொயரி போட்டார்கள். மூடிக் கிடந்த பள்ளிக்கூடத்தில் நடந்தது. வெளியிலிருந்து ஒரு மூத்த அதிகாரி தலைமை தாங்க வந்தார். சாட்சி சொல்ல முன்வந்தவர் அந்தத் தாய் ஒருவர்தான். மற்ற வீடுகளில் புகார் சொல்ல ஆளில்லை, அல்லது தைரியமில்லை. வலை பிரித்தவரைப் பற்றிக் கேள்வியே வரவில்லை.

சாட்சிக்கு இன்டர்ப்ரெட்டர் வேண்டும். என்னையே உட்கார வைத்தார்கள். சம்பவத்தில் இருந்தவன் அதே சம்பவத்தின் விசாரணைக்கு மொழிபெயர்க்கக் கூடாது என்பது உங்களுக்கெல்லாம் இன்று பாடத்தில் இருக்கும். அன்று யாரும் யோசிக்கவில்லை. அல்லது யோசித்துத்தான் செய்தார்கள்.

விசாரணைக்கு முந்தின நாள் மேஜர் என்னை டீ குடிக்கக் கூப்பிட்டிருந்தார். குரலை உயர்த்தவில்லை. "நீ பாய்ஸ்னு சொன்னே. நான் அதை நம்பினேன். அது தப்புன்னு ஆச்சுன்னா யாரோட தப்பு? யோசிச்சுப் பார். நீ படிச்சவன்." டீயில் சர்க்கரை போதுமா என்றும் கேட்டார்.

அந்த அம்மா நாற்காலியில் உட்கார மறுத்து நின்றார். என்னைப் பார்த்ததும் அவருக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது. அன்று ஒழுங்கையில் பார்த்தவன் என்று அடையாளம் தெரியவில்லை. யூனிஃபார்மில் எல்லோரும் ஒரே மாதிரிதானே. "நீங்கள் தமிழ் தானே தம்பி? வடிவாச் சொல்லிவிடுங்கோ. இவையளுக்கு விளங்கினாச் சரி" என்றார்.

தலைமை அதிகாரி கேட்டார். உள்ளே பாய்ஸ் இருப்பதாக இவர் சொன்னாரா?

நான் தமிழில் கேட்டேன். "அன்னைக்கு, உள்ள பெடியன் இருக்கான்னு சொன்னீங்களாம்மா?"

"ஓம். என்ர பெடியன் காய்ச்சலில படுத்திருக்கிறான், சுடாதேங்கோ எண்டு ரெண்டு கையையும் தூக்கிச் சொன்னனான்."

"யெஸ் சார். உள்ளே பாய்ஸ் இருப்பதாகச் சொன்னாராம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். அப்படியானால் இவருடைய மகனும் அவர்களில் ஒருவனா?

இந்த இடத்தில் எனக்கு இன்னொரு வாய்ப்பு கிடைத்தது. மேஜர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்த அம்மாவைப் பார்த்துக் கேட்டேன்.

"உங்க மகன் பெடியன் தானேம்மா?"

"ஓம் தம்பி, பெடியன் தானே. சின்னப் பெடியன்."

"ஒத்துக்கொள்கிறார், சார்."

நான் கேட்ட கேள்வியில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அவர் சொன்ன பதிலிலும் இல்லை. நடுவில் இருந்த நான்தான் பொய். ஒழுங்கையில் நடந்தது தவறு. பள்ளிக்கூடத்தில் நடந்தது தவறு இல்லை, தெரிந்தே செய்தது.

முடிந்ததும் அந்த அம்மா என் அருகில் வந்தார். "எல்லாம் வடிவாச் சொன்னனீங்களோ?"

"சொல்லிட்டேம்மா."

"நன்றி தம்பி. நல்லா இருப்பீங்கள்."

நன்றாகத்தான் இருந்தேன். மேஜர் படிப்படியாக மேலே போனார். ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். உள்ளே உண்மையாகவே ஓர் இயக்கக்காரன் இருந்திருந்தாலும், கை தூக்கிக்கொண்டு ஒரு பெண் நிற்கும் வீட்டைச் சுவர் வழியாகச் சுடலாமா என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. எல்லாப் பாரத்தையும் ஒரு சொல்லின் மேல் ஏற்றிவிட்டு எழுந்து போனார்கள். ஏற்றிக் கொடுத்தவன் நான்.

4. உப்பு ஷெட்

மரக்காணத்தில் என் அளத்துக்கு மேஸ்திரி ஏழுமலை. வாய் அடங்காத மனிதர். ஒரு வருஷம் ஆள் பற்றாக்குறை. பக்கத்து அகதி முகாமிலிருந்து யோகம் என்ற பெண்ணைக் கூட்டி வந்தார். யோகம் உப்பு வாரினால் பாத்தியில் சேறு கலங்காது. அப்போது இரண்டாவது சீசனாக வேலை செய்துகொண்டிருந்தார். நான் பழைய பட்டாளத்துக்காரன் என்று அவருக்குத் தெரியாது. என்னை ஐயா என்பார்.

ஒருநாள் மதியம் ஷெட்டில் சாப்பிடும்போது யோகம் போனில் மகனைத் திட்டிவிட்டு வைத்தார். "எங்கட பெடியன் ஒரு சொல் கேக்கிறானில்லை" என்று பொதுவாகச் சொன்னார்.

ஏழுமலை விடவில்லை. "இன்னாம்மா அது, பெடியன்? பெட்டியா, பொடியா?"

"பெடியன் எண்டாப் பையன், மேஸ்திரி. உங்கட பையனைவிட இது பரவாயில்லை. பையன் எண்டா ஏதோ சாமான் வாங்கிற பை மாதிரிக் கிடக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். என்னால் கையில் இருந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. யோகம் அந்தச் சொல்லை எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். அதில் எந்தத் துப்பாக்கியும் இல்லை.

சில நாள் கழித்து வேலை முடிந்து மற்றவர்கள் கால் கழுவப் போனபோது, அவரிடம் முழுவதையும் சொன்னேன். ஏன் அவரிடம் என்று கேட்டால், அந்தப் பேச்சு பேசுகிற வேறு யாரும் எனக்குப் பழக்கமில்லை.

கடைசியில் யோகம், "நீங்கள் ஆமியோ?" என்று மட்டும் கேட்டார். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வரப்பின் மேல் நடந்து போய்விட்டார். மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

"இன்னா சார் சொன்னீங்க அந்தம்மாவாண்ட?" என்று ஏழுமலை என்னைக் குடைந்தார். "மழை வர்றதுக்குள்ள உப்பை அள்ளணும். நல்லா வேலை செய்றவங்களை நீங்களே ஓட்டிட்டீங்களே."

அவரிடமும் சொன்னேன். அவர் யோகம் விட்டுப்போன பாத்தியில் தானே இறங்கி உப்பு வாரினார்.

அடுத்த வாரம் யோகம் வந்தார். என்னைப் பார்க்காமல், பாத்தியைப் பார்த்துக்கொண்டு பேசினார். "எனக்குச் சொல்லி என்ன ஐயா? நான் ஆர்? சொல்ல வேண்டிய இடத்தில சொன்னனீங்களோ?"

5. சொல்ல வேண்டிய இடம்

திண்டிவனத்தில் ஒரு வக்கீலைப் பிடித்து அஃபிடவிட் எழுதினேன். நடந்தது, சொன்னது, சொல்லாமல் விட்டது, என்னோடு இருந்தவர்களின் பெயர்கள் எல்லாம் அதில் இருந்தன. என் மேலும் நடவடிக்கை எடுக்கலாம் என்று கடைசிப் பத்தியில் சேர்த்தேன். வக்கீல், "சார், இந்தப் பத்தி வேணாமே" என்றார். வேண்டும் என்றேன்.

மேலிடத்துக்கு அனுப்பினேன். பதில் இல்லை. மறுபடி அனுப்பினேன். பிறகு நேரில் போனேன். என் மகன் வயதுள்ள ஓர் அதிகாரி எழுந்து நின்று கைகொடுத்தார். தண்ணீர் வரவழைத்தார். "சார், ஹெல்த் எப்படி இருக்குது? பென்ஷன் கரெக்டா வருதா?" என்றார். அஃபிடவிட்டைப் பற்றிக் கேட்டேன். "அது க்ளோஸ் ஆன விஷயம் சார். அந்தக் காலத்துப் பேப்பர் இப்ப எங்க இருக்குதோ. நீங்க ஏன் இந்த வயசுல மனசைப் போட்டு அலட்டிக்கிறீங்க?" என்றார். உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். என்னைத் தண்டிக்கக்கூட அங்கே ஆளில்லை.

சில வாரம் கழித்து ஒரு போன் வந்தது. அந்த மேஜர். பெரிய பதவியில் ஓய்வு பெற்றவர். குரல் தளர்ந்திருந்தது. கோபமாகப் பேசவில்லை. "நீ பாய்ஸ்னு சொன்னியே" என்றார், ஆங்கிலத்தில். "உன் காதாலதானே நான் கேட்டேன்."

"விசாரணையில் பொய் சொன்னதும் நான்தான் சார். அதையும் எழுதியிருக்கிறேன். அந்த டம்ளர் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?"

"எந்த டம்ளர்?" என்றார். உண்மையிலேயே அவருக்கு ஞாபகம் இல்லை.

இதையெல்லாம் யோகத்திடம் சொன்னேன். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். "அந்த ஊர் ஆக்கள் ரெண்டு குடும்பம் எங்கட முகாமில இருக்கினம். நான் விசாரிச்சனான். அந்த அம்மா உயிரோடதான் இருக்கிறா. அதே வீட்டு வளவில. கண் பார்வை குறைவு. உங்களோட கதைப்பாவோ தெரியாது."

அதன் பிறகு ஒன்றுக்காகத்தான் காத்திருந்தேன். அவர் கதைப்பாரா, மாட்டாரா? கேட்டுச் சொல்லி, பதில் வந்து சேரக் கோடைக்காலமே போய்விட்டது. அந்தச் சீசன் உப்பெல்லாம் அள்ளி முடித்திருந்தோம்.

6. போன்

யோகத்தின் போனை உப்பு மூட்டை மேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டோம். ஏழுமலை வாசலில் நின்றார். போகச் சொல்லவில்லை. யார் கேட்டாலும் கேட்கட்டும் என்றுதான் இருந்தது. அந்தப் பக்கம் அந்த அம்மாவும், துணைக்குப் பக்கத்து வீட்டு இங்கிலீஷ் டீச்சர் ஒருவரும் இருந்தார்கள். டீச்சரை அந்த அம்மாவே கூப்பிட்டு வைத்திருந்தார். ஏன் என்று பிறகுதான் தெரிந்தது.

"நீங்களோ அந்த மொழிபெயர்த்த தம்பி?"

"ஆமாம்மா."

"நான் உங்களுக்கு நன்றி சொன்னனான். ஞாபகமோ?"

"ஞாபகம் இருக்குதும்மா."

"அண்டைக்கு நான் என்ன சொன்னனான், நீங்கள் என்ன சொன்னனீங்கள்? ரெண்டையும் உங்கட வாயால சொல்லுங்கோ."

சொன்னேன். ஒழுங்கையில் சொன்னதையும் பள்ளிக்கூடத்தில் சொன்னதையும். உங்க மகன் பெடியன் தானே என்று நான் கேட்டது எதற்காக என்பதையும். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அவர் ஏதாவது பதில் சொல்ல வேண்டிவரும். அந்தப் பாரத்தையும் அவர் மேல் வைக்க எனக்கு மனமில்லை.

யோகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"அவன் இயக்கத்துப் பிள்ளை எண்டு எழுதிப்போட்டினம் எண்டு எனக்குத் தெரியும்" என்றார் அந்த அம்மா. "ஆர் சொல்லி எழுதினவை எண்டுதான் தெரியாமல் இருந்தது. நான்தான் ஏதும் பிழையாச் சொல்லிப்போட்டனோ எண்டு இவ்வளவு காலமும் யோசிச்சனான்."

இத்தனை வருஷத்தில் இது எனக்குத் தோன்றவே இல்லை. என் பொய்யை அவர் தன் பிழையாகச் சுமந்திருக்கிறார்.

"இல்லம்மா. நீங்க சரியாத்தான் சொன்னீங்க. ஒரு சொல்லும் பிழை இல்லை."

"அப்ப இப்ப சரியா இங்கிலீசில சொல்லுங்கோ. டீச்சர் கேக்கிறா. அவன்ர பேரையும் சேர்த்துச் சொல்லுங்கோ. நிமலன்."

அவன் பெயரை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். இந்தக் கட்டுரையில் தன் பெயர் வேண்டாம் என்றும், அவன் பெயரைப் போட வேண்டும் என்றும் சொன்னதும் அவர்தான். நிமலன். ஏழாம் வகுப்பு.

டோன்ட் ஷூட் என்று ஆரம்பித்தேன். மை சன் என்பதற்கு மேல் போக முடியவில்லை. மறுபடி ஆரம்பித்தேன். அதே இடத்தில் நின்றுபோனது.

"ஆறுதலாச் சொல்லுங்கோ தம்பி" என்றார் அந்த அம்மா.

சொன்னேன். சுடாதீர்கள், என் மகன் நிமலன் உள்ளே காய்ச்சலில் படுத்திருக்கிறான். ஆங்கிலத்தில் அது சின்ன வாக்கியம்தான். "ஓம் அம்மா, சரியாத்தான் சொல்றார்" என்று டீச்சரின் குரல் கேட்டது. பிறகு போன் வைக்கப்பட்டது. அந்த அம்மா வேறொன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு கூப்பிடவும் இல்லை. அஃபிடவிட்டுக்கு இன்னும் பதில் வரவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை அதை மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். யோகம் வேலைக்கு வருகிறார். இப்போது ஐயா என்று கூப்பிடுவதில்லை. வேறு எப்படியும் கூப்பிடுவதில்லை. நேராக விஷயத்தைச் சொல்கிறார்.

இளையவர்களுக்கு ஒன்றுதான். சந்தேகம் வந்தால் திருப்பிக் கேளுங்கள். யார் அவசரப்படுத்தினாலும் கேளுங்கள். இன்னொன்றும் இருக்கிறது. அதை அன்று ஷெட்டில்தான் கற்றேன்.

போன் வைத்த பிறகு ஏழுமலை உள்ளே வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தோளைத் தொட்டார். "பாத்தீங்களா சார், ஆறுதலான்னு சொல்லிட்டாங்க அந்தம்மா. எம்மாம் பெரிய மனசு. இனிமேட்டு நீங்க நிம்மதியா இருக்கலாம்."

அப்படியே விட்டிருக்கலாம். யோகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லப்பா" என்றேன். "அவங்க ஊர்ல அதுக்கு மெதுவான்னுதான் அர்த்தம்."